சனிக்கிழமைத் தந்தி

கொழும்பு, கொட்டாஞ்சேனைச் சமறியில் நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார், எல்லோருக்கும் கோட்டையில் கந்தோர் உத்தியோகம். சமறி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு வாடகை வீட்டையும் ஒரு சமையற்காரரையும் ஆண்கள் பங்குபோட்டுக்கொண்டு காலம் தள்ளுகிற இடம். அதில் கலியாணம் முடித்தவன் நான் மட்டும்தான். மனைவி ஊரில், தாய்தகப்பனோடு, ஐந்து மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்த பிறகு வெள்ளவத்தையில் வீடெடுத்து அவளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

செவ்வாயும் வெள்ளியும் எனக்குக் கடிதம் வந்து சேர வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நான் நாள்தோறும் எழுதினேன். அப்படி எழுதும்படி அவள் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ட்ராமில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். சமையற்காரர் சிங்களவர், நல்ல மனுஷன். நான் படியில் கால் வைக்கும்போதே, "லியுமக் ஆவா, மாத்தயா" என்று குரல் கொடுப்பார். கடிதம் வந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"மச்சான், நீ பெண்சாதியைக் கட்டினனியோ, தபாற்காரனைக் கட்டினனியோ?" என்று சமறிக்காரர் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே போய்க் கடிதத்தின் வரிகளை எண்ணுவேன். போன முறை இருபத்திரண்டு, இந்த முறை பதினெட்டு. நாலு வரி எங்கே போயிற்று? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெள்ளைக் கடதாசியிலும் பேய் தெரிந்தது.

என் தகப்பன் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து மலாயாக்காரர் பலரைப்போல, படிப்பதற்கென்று ஏழு வயதில் என்னை ஊருக்கு அனுப்பி மாமன் வீட்டில் விட்டார்கள். மாமன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாதான் இல்லை. அம்மா கப்பலில் கடிதமாக வந்தார், சில மாதம் இரண்டாக, சில மாதம் ஒன்றுமில்லாமல். நான் ஏதோ பிழை செய்த மாதங்களில்தான் கடிதம் வராது என்று நானாகவே ஒரு கணக்கு வைத்திருந்தேன். இருபத்தாறு வயதிலும் அந்தக் கணக்கை நான் அழிக்கவில்லை.

நெஞ்சு படபடத்து, கை குளிர்ந்து, வயிறு கலங்குவதை எங்கள் ஊரில் பதகளிப்பு என்போம். சாராயம் அதை அடக்கும் என்பதைக் கடிதம் வராத ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தேன். தவறணையில் இரண்டு கிளாஸ், ஒரு மணித்தியால நிம்மதி. விடிந்தால் அதே பதகளிப்பு வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். பிறகு கடிதம் வந்த நாளிலும் குடித்தேன், அடுத்த கடிதம் வராமல் விட்டால் என்ன செய்வது என்று. இந்தப் பழக்கத்தை விட எனக்கு மேலும் ஆறு வருஷம் பிடித்தது. ஆகவே நான் இங்கே யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை.

ஒரு கிழமை செவ்வாய்க் கடிதம் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. "லியுமக் நே, மாத்தயா" என்று சொல்லிவிட்டு, தானே குற்றம் செய்தவர்போலச் சமையற்காரர் குசினிக்குள் போய்விட்டார். சனிக்கிழமை கந்தோர் அரை நாள். வெளியே வந்ததும் தவறணை, அங்கிருந்து நேரே தபாற்கந்தோர். ஏன் கடிதமில்லை, உடனே பதில் அனுப்பு என்று இங்கிலீசில் நாலைந்து சொல் எழுதித் தந்தி கொடுத்தேன். பின்னேரம் முழுக்கச் சமறி வாசலில் நின்றேன். பதில் வரவில்லை.

பதிலுக்குப் பதிலாக ஞாயிறு காலையில் இரண்டு றிக்‌ஷா வந்து நின்றன. மெயில் ரயிலில் வந்த களையோடு மாமனார் இறங்கினார், பின்னால் அவள். மற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் சவரம் செய்யாத முகத்தோடு, முதல் நாள் சாராய நாற்றத்தோடு நின்றேன்.

"உயிரோடதான் இருக்கிறீர், தம்பி" என்றார் மாமனார். "தந்திக்காரனைக் கண்டதும் மாமி குழறி அழத் தொடங்கிட்டா. பிரிக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. இங்கிலீஸ் வாத்தியார் வந்து வாசிக்கிறதுக்கிடையில ஒழுங்கை நிறையச் சனம். வாசிச்ச பிறகும் இவள் நம்பேல்லை. கண்ணால பாக்க வேணுமெண்டு நிண்டிட்டாள்." சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் பின்பக்கம் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கடிதம் கிடைக்கேல்லையே?"

"எந்தக் கடிதம்?"

"போன திங்கட்கிழமை வெள்ளவத்தைச் சித்தப்பாவிட்டக் குடுத்துவிட்டனான், பலகாரத்தோட. வயித்துக்குள்ள பிள்ளை துடிக்கத் தொடங்கிட்டுதெண்டு எழுதினனான். அதைத் தபாலில போட மனம் வரேல்லை. நீண்ட கடிதம், இந்தக் கிழமைக்கு அது போதுமெண்டு நினைச்சன்."

கொழும்புக்கு ஆள் போகும்போது தபாலில் போடுவது எங்கள் சனத்துக்கு ஒரு மரியாதைக் குறைவு. ஞாயிறு ஆறுதலாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சித்தப்பா வைத்திருந்தார். ஆறு நாள் அந்தக் கடிதம் வெள்ளவத்தையில் இருந்திருக்கிறது, நான் ஒரு பின்னேரத்தில் போய் எடுத்திருக்கக்கூடிய தூரத்தில்.

"தந்தியெண்டால் ஊரில என்னெண்டு நினைப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. குடிவெறியில் யோசிக்கவில்லை என்று சொன்னால் அவளும் நம்பியிருப்பாள். தந்தி என்றால் சாவு என்பது எங்கள் ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும்.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் அடிச்சனான். நான் பதகளிக்கிற மாதிரி நீரும் ஒருக்காப் பதகளிக்க வேணுமெண்டு."

அவள் எழுந்து தகப்பனைக் கூப்பிடுவாள், அடுத்த ரயிலில் போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

"அரை மணித்தியாலம் நீங்கள் செத்துப்போட்டீங்களெண்டு குழறினனான்" என்றாள். "அந்த அழுகைக்குள்ள, ஒரு நிமிஷம், இனிக் கடிதம் எழுதத் தேவையில்லை எண்டு எனக்கு ஆறுதலாயும் இருந்தது."

ஏழு வயதிலிருந்து யாராவது என்னிடம் சொல்லிவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தது இதைத்தான். இதைச் சொல்லுகிறவர்கள் சொன்ன கையோடு போய்விடுவார்கள் என்றும் நினைத்திருந்தேன். அவள் போகவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.