கே.கே. நகரிலிருந்து குப்பத்துக்கு: எத்திராஜைப் பார்க்கப் போன காலை

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போய் வந்தேன். கடற்கரையில் மீன் வாங்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எத்திராஜைப் பார்க்கத்தான்.

காலை 5.50க்கு பஸ். முதியோர் டோக்கன் இருந்ததால் செலவில்லை. போர்டு படிக்கத் தெரியாதவர்கள் கண்டக்டரைக் கேளுங்கள், சொல்லுவார். தி. நகர் வழியாகப் போகும்போது பழைய துணிக்கடை கண்ணில் பட்டது. அதன் வாசலில் நானும் எத்திராஜும் பதினெட்டு வருஷம் நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கிறோம்.

கொரோனா முடிந்து கடை திறந்த மாதம் சேலை மலைபோல் கிடந்தது, வாங்க ஆளில்லை. கடை முதலாளி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்குச் சம்பளம் கட்டாதுவே. யாரு நிக்கணும்னு நீரே சொல்லும்." நான் யோசிக்கக்கூட இல்லை. "எத்திராஜுக்கு வயசாயிடுச்சு அண்ணாச்சி" என்றேன். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

ரேஷன் கடையையும் அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். தட்டுப்பாடு வந்தால் அங்கே ஆளுக்கு வேலை போகாது, சரக்குதான் இருக்காது. வரிசையில் கால் வீங்கும், பாதி சர்க்கரையோடு திரும்புவோம். கடைவீதியில் சரக்கு அப்படியே இருக்கும், ஆள்தான் வெளியே போவான். இரண்டிலும் கஷ்டம்தான்.

பெசன்ட் நகரில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. 7.10க்கு மணலில் எத்திராஜ் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"உன் பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும். அண்ணாச்சி மொதல்ல என்னாண்டதான் கேட்டாரு." கத்தி நிற்கவில்லை. "ரேஷன்ல சக்கர கொறஞ்சா இன்னா பண்றான்? ஆளுக்குப் பாதி குடுக்கறான்ல. அத்தே மாரி பாதிச் சம்பளம் குடு, ரெண்டு பேரும் நிக்கிறோம்னேன். உன்னயும் கேட்டுட்டு சொல்றேன்னாரு."

'அண்ணாச்சி அந்தப் பாதிக் கணக்கை என்னிடம் சொல்லவே இல்லையே' என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் மட்டும் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா?

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போங்கள், பை கொண்டு போங்கள். சங்கரா மீன் அன்று கிலோ 350, ஒரு கிலோ வாங்கினேன். எத்திராஜ் ஆய்ந்து தர முப்பது ரூபாய் வாங்குகிறான், பேரம் பேசாதீர்கள்.

என்னிடம் மட்டும் வாங்கவில்லை. "போடா, பஸ்ஸு பூடும்" என்றான். அந்த முப்பது ரூபாயைக் கையில் மடித்தபடியே பஸ் ஏறினேன்.