படகு வயரில் இருந்த நம்பர்

எங்கள் மூத்த மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாதம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மனைவிக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவன் நமுனுகுல மலைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய், கரையோரத்தில் படகு பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். லீவு கிடைப்பது கஷ்டம், நாளைத் தள்ளிப் போடுங்கள் என்று எழுதியிருந்தான். அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து எடுத்த நாள், அதை மாற்றக் கூடாது என்று நான்தான் பதில் எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் வந்து சேர்ந்தான். தோளில் ஒரு உரச்சாக்கு. மாமன் சீர் சாக்கிலேயா வருகிறது என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கேலி செய்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு கட்டு வயர், பெருவிரல் தடிப்பில், கன்னங்கரேல் என்று சுருண்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக்காரரின் படகு திரும்பி வருகிறதாம். அதற்குள் அதன் வயரைச் சுத்தம் செய்து வைப்பது இவன் பொறுப்பு. வேலையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பட்டறை மாஸ்டர் சொல்லியிருக்கிறார். முடிக்க நேரமில்லை. கெஞ்சிக் கேட்டு, வயரையே கையோடு கொண்டு வந்துவிட்டான்.

படகுக்கு எதற்கு இவ்வளவு நீள வயர் என்று கேட்டேன்.

"கடல்ல போறப்போ இன்ஜின் கரண்டு குடுக்கும் மச்சான். கரையில கட்டிட்டா இன்ஜினை நிப்பாட்டிருவாங்க. அப்ப இந்த வயரைக் கரையில குத்தி, படகுக்குக் கரண்டு எடுப்பாங்க. வெளக்கு, ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் இதுலதான் ஓடும்."

"படகுக்குக்கூட கரண்டு வந்திருச்சு, இந்த லயத்துக்குத்தான் இன்னும் குப்பி வெளக்கு" என்றாள் என் மனைவி, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே.

மறுநாள் சனிக்கிழமை அவன் பதுளைக்குப் போய்த் தோடும் பட்டுப் பாவாடையும் வாங்கி வர வேண்டும். வந்த பிறகு வயரைத் துடைக்கிறேன் என்றான். சீர் செய்ய வந்திருக்கிற மாமனை அழுக்கில் கை வைக்க விடுவதா? அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் பித்தளை விளக்குகளைத் துலக்குவது நான்தான். என் கைக்குச் சுத்தம் பழக்கம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தான். குத்துகிற முனைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது, ஷொப்பிங் பேக் சுற்றி இறுக்கிக் கட்டிவிட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். தார் இருக்கிற இடத்தில் மட்டும் மண்ணெண்ணெய், அதுவும் தொட்டவுடன் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் ஊதிவிடும். எல்லாம் சொன்னான். நம்பரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை யாராவது அழிப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கூட்டமாக இருந்ததால் வாசல் திண்ணை இஸ்தோப்பில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தார், எண்ணெய், கடற்பாசி, உப்பு எல்லாம் சேர்ந்து வயருக்கு மேல் இன்னொரு தோல் போட்டிருந்தது. ஒரு முழம் துடைத்ததும் உள்ளே இருந்து மஞ்சள் நிறம் எழும்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. முழம் முழமாக நகர்ந்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. முனையில் இருந்த பித்தளைக் கம்பிகளுக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஈரம் படாமல் தேய்த்தேன். கோயில் விளக்கு மாதிரியே மின்னியது.

இரண்டு வயரிலும் முனைக்குப் பக்கத்தில் ஒரு துணி நாடா சுற்றியிருந்தது. தாரில் ஊறி, ஓரமெல்லாம் பிசுபிசுத்து, பார்க்கவே அருவருப்பு. துடைத்தபோது அழுக்குக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பெயின்ட் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, சவர பிளேட்டால் கீறி உரித்து, லயத்துக்குப் பின்னால் குப்பைக் குழியில் போட்டேன். பசை இருந்த இடத்தையும் விடவில்லை.

அந்த நாடாவில்தான் படகின் நம்பர் எழுதியிருந்தது.

வேலை முடிந்ததும் இரண்டு வயரையும் வட்டமாகச் சுருட்டி, மறுபடி அழுக்குப் படாமல் பழைய சேலையில் பொதிந்து, புதுச் சாக்கில் போட்டு வாயைத் தைத்துவிட்டேன். தைக்கும் முன் முனைகளில் கொஞ்சம் விபூதி தொட்டு வைத்தேன். பொழுது சாய வந்த மச்சினன் சாக்கைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "அழுக்கு போனது கனத்துலயே தெரியுது மச்சான்" என்றான். பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காது குத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை மாமன் மடியில் இருந்து கத்தி, அவன் சட்டையைக் கடித்துக் கிழித்தாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டு நான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன்.

செவ்வாய் பத்து மணி போல ஃபேக்டரி ஆபிசிலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப் போனான். பெரிய கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். என்னை அன்று உட்காரச் சொன்னார். பட்டறை மாஸ்டர் டெலிபோனில் பேசினாராம். மச்சினனை வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, பக்கத்துப் பொலிசில் வைத்திருக்கிறார்கள்.

"அவரிட்ட பட்டறைக் கடிதம் இருந்ததாம். பழைய வயர் ரெண்டு, நம்பர் இன்னது எண்டு எழுதியிருக்காம். ஆனா வயர் புதுசு மாதிரி இருக்காம், நம்பர் ஒண்டும் இல்லையாம். நீர் என்ன செய்தனீர்?"

சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாளில் எங்கள் ஆட்கள் ஒரு டோர்ச் பேட்டரியைக் கொண்டு போவதற்கே யோசிப்பார்கள். பேரைப் பார்த்தாலே பையைக் கொட்டச் சொல்லுவார்கள். வாய் தைத்த சாக்கில் கட்டுக் கட்டாக வயர், காட்டுகிற கடிதத்துக்கும் வயருக்கும் சம்பந்தமில்லை. குண்டு வைக்கத்தான் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? வரும்போதும் அதே இடத்தில் இறக்கித்தான் இருக்கிறார்கள். நாடாவை நகத்தால் சுரண்டி நம்பரைக் காட்டியதும் விட்டுவிட்டார்களாம்.

ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று கேட்டேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நான் கதைச்சா இன்னும் பிழையாப் போகும். நான் எந்த ஊர் எண்டுதான் முதல்ல கேப்பினம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குப்பைக் குழிக்குப் போனாள். இரண்டு பேரும் இறங்கிக் கையால் கிளறினோம். காது குத்துக்குச் சாப்பிட்ட வாழை இலைகள் எல்லாம் மேலே கிடந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாடா கடைசி வரை கிடைக்கவில்லை. மற்றது ஒரு இலையின் நரம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரித்துப் பார்த்தோம். நான் பிளேட் போட்ட இடத்தில் பாதி போய், ஒரு எட்டும் அரைவாசி எழுத்தும்தான் மிச்சம்.

"இத்தன வருசம் அம்மனுக்கு வெளக்குத் தேச்ச கைதானே" என்றாள். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

நாடாவை விபூதிப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு புதன்கிழமை விடியவே பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிங்களத்தில் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வயரைத் துடைத்தது நான், நம்பரை அழித்தது நான், அவன் இல்லை. இவ்வளவுதான். அந்தப் பொலிசில் போய் நின்றபோது அதிலும் பாதிதான் வாயில் வந்தது. மேசையில் இருந்தவர் நாடாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. இப்படி ஒன்றை யாரும் எழுதிக் கொண்டு வரலாமே என்று சொல்லி, என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

வெளியே ஒரு மர வாங்கு இருந்தது. உட்கார்ந்தேன். தெரிந்த அம்மன் பாடல்களையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். நடுவில் அடிகள் மறந்துபோயின. உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி நின்றேன். அவன் எந்த அறையில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது.

பின்னேரம் பட்டறை மாஸ்டர் காரில் வந்தார். கையில் படகின் பத்திரங்கள். அவற்றைக் காட்டி, வயரின் முனையைப் பிரித்து உள்ளே குத்தியிருந்த ஏதோ எண்ணையும் காட்டினாராம். அரை மணித்தியாலத்தில் மச்சினன் வெளியே வந்தான். தோளில் அதே சாக்கு, வாய் கிழிந்து. நான் கொண்டு போன நாடா என் கையிலேயே இருந்தது.

அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை மச்சான் என்றான். காரில் ஏறும்போது வலது கையைப் பிடிமானத்துக்குக் கொடுக்காமல் இடது கையால் ஏறினான்.

கார் கிளம்பும் முன் கண்ணாடியை இறக்கினான். "வயரு சூப்பரா இருக்குன்னு மாஸ்டர் சொல்றாரு" என்றான். என் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னான்.

அதன் பிறகு அவன் பல வருஷம் மலைக்கு வரவில்லை. லீவு இல்லை என்று எழுதுவான். நாங்களும் வற்புறுத்தவில்லை. இளையவளுக்குக் காது குத்தியபோது, என் மனைவியின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாளுக்கு நான் பூக்கட்டிப் பார்க்கவில்லை.

கோயில் விளக்கு இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பெரிய குத்துவிளக்கின் அடியில், அதைக் கொடுத்தவர்களின் பெயர் வெட்டியிருக்கிறது. எழுத்துக்குள் எண்ணெயும் கரியும் இறுகிப் போயிருக்கின்றன. அந்த இடம் மட்டும் அழுக்காக இருக்கிறதே என்று கோயில் தலைவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். சரிங்க என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் புளியும் சாம்பலுமாகச் சுற்றி வரத் தேய்க்கிறேன். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிடுகிறது.