வாடகைக்கு வந்த தலைக்கட்டு

கருத்தக்கண்ணனுக்குக் கோச்சடையில் வீடு கிடைத்தது எழுபத்தாறில். மதுரையில் ஒரு பலசரக்குக் கடையில் சரக்கு நிறுக்கிற வேலை. திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய் அலுத்துப்போனவர், முதலில் கடைக்குப் பக்கத்திலேயே தேடிப் பார்த்தார். கோழிக்கூண்டு மாதிரி அறையைக் காட்டி அரண்மனைக்குக் கேட்கிற வாடகை கேட்டார்கள். விசாரித்து விசாரித்து மேற்கே வந்து சேர்ந்தார். கோச்சடையும் மதுரை டவுன்தான். டவுன் பஸ் வரும், கரண்டு வரும். ஆனாலும் அது வைகைக் கரையின் பழைய ஊர். தெருவில் நெல் காயும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும்.

வீட்டுக்காரர் விருமாண்டி ஊர்ப் பெரியாட்களில் ஒருவர். பின்கட்டை விடுவதற்குள் கருத்தக்கண்ணனின் ஏழு தலைமுறையையும் துருவிவிட்டார். என்ன ஆளுக, குலசாமி எங்கே, ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு எரியும். பிள்ளைகள் இல்லை என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சுவரில் கிறுக்கல் விழாதாம். கருத்தக்கண்ணனின் மனைவி முத்துத்தாய் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முழுசாக வரவில்லை.

குறை சொல்ல முடியாத ஊர். முத்துத்தாய் காய்ச்சலில் படுத்தால் முன்கட்டிலிருந்து ரசம் வந்துவிடும். இருந்தும் எத்தனை வருஷம் ஆனாலும் அவர்கள் 'குடித்தனக்காரங்க'தான். கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், கடைசிப் பந்தியில் உட்காரவைப்பார்கள். ஊர்ச் சாமி கும்பிடுக்கு வரி வாங்க வருகிறவர்கள் முன்கட்டில் வாங்கிக்கொண்டு அப்படியே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரி கொடுக்கிற குடும்பம்தான் தலைக்கட்டு. தலைக்கட்டுகள் சேர்ந்ததுதான் ஊர். வரி கொடுக்க முடியவில்லையே என்று உலகத்தில் யாராவது ஏங்குவார்களா? கருத்தக்கண்ணன் ஏங்கினார். வருஷா வருஷம் போய்க் கேட்டார். வாடகைக்கு இருக்கிறவனுக்கு என்னப்பா வரி என்று அவர்களும் வருஷா வருஷம் சிரித்தார்கள்.

எண்பத்துநாலில் விருமாண்டி மனசு வைத்தார். கூட்டத்தில் பேசி, கருத்தக்கண்ணனையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துவிட்டார். அன்று அவர் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, லாட்டரிச் சீட்டு எதுவும் விழுந்துவிட்டதா என்று முத்துத்தாய் கேட்டாள். இனிமேல் நாமும் இந்த ஊர்க்காரர்கள் என்றார். அந்தச் சந்தோஷத்தை அவர்கள் ஒழுங்காக அனுபவிக்கக்கூட இல்லை.

அவளுக்கு அப்போதே கால் வீங்கியிருந்தது. சாமி கும்பிடு நெருங்கியபோது நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், தேறிவிடும் என்றார் டாக்டர். அந்த வாரமே ஊரில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை தலைக்கட்டு ஆட்கள் ராத்திரியில் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக்கூடாது. ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

பகல் முழுக்க அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார். பொழுது சாய்ந்தால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரியில் பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். ஆனால் மற்றப் புருஷன்மார் வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி இருங்களேன். என்னமோ பயமா இருக்கு" என்றாள் முத்துத்தாய்.

"காப்புக் கட்டியிருக்கு தாயி. மொத வருசமே மீறுனா நம்மள என்ன நெனைப்பாக? விடிஞ்சதும் வந்துர்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். கருத்தக்கண்ணன் கல்நெஞ்சக்காரர் இல்லை. சாமிக்குப் பயந்தவர் என்றும் சொல்வதற்கில்லை. பயமெல்லாம் ஊரை நினைத்துத்தான். இத்தனை வருஷம் கெஞ்சிக் கிடைத்ததை ஒரே ராத்திரியில் தொலைத்துவிடுவோமோ என்று நினைத்தார். எதைத் தொலைக்கப்போகிறோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே.

விடிந்ததும் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனார். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்னாள். கஞ்சி வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றார்.

சேதி கேட்டு விருமாண்டி வந்தார். காப்புக் கட்டிய ஊருக்குள் பிணத்தைக் கொண்டுவர வழியில்லை, திருவாதவூருக்கே கொண்டுபோய்விடுவோம், கூட வருகிறேன் என்றார். கருத்தக்கண்ணன் அதற்கு மறுப்பே சொல்லவில்லை. விருமாண்டி அதோடு விட்டிருக்கலாம்.

"நீ ராத்திரி இங்கதான இருந்த?"

"காப்புக் கட்டியிருக்கேண்ணே. வீட்டுக்கு வந்துட்டேன்."

"அட, என்னப்பா நீ. நம்ம பயலுக ராத்திரி ஷிப்டுக்கு மில்லுக்குப் போயிட்டுத்தான இருக்கானுக. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சூடத்தைப் பொருத்தி வச்சுட்டுப் போய்ட்டு வான்னு சொல்லியிருப்பேனே."

ஊரில் பிறந்தவர்களுக்கு எந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று தெரியும். வாடகைக்கு வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? வண்டி பிடிக்க விருமாண்டி வெளியே போனார்.

பக்கத்துக் கட்டில் ராமக்காள் கையைக் காட்டிக் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டாள். பரவைக்காரி, வயிற்று ஆபரேஷனுக்கு வந்தவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ராத்திரி பூரா ஒங்களத்தான் தேடுச்சு. எனக்கு மனசு கேக்கல. வராந்தாவுலதான் படுத்திருக்காருன்னு பொய் சொல்லிப்புட்டேன்."

"நம்புனாளா?"

"நம்புச்சு. அதுக்கப்புறம் பயப்படவே இல்ல. வெளியில அவுகளுக்குக் குளிரும், இதக் குடுத்துட்டு வாங்கக்கான்னு தான் போத்தியிருந்தத எடுத்து நீட்டுச்சு. வேண்டாம்னா விடல. போயிக் குடுக்குற மாதிரி வெளிய போயிட்டு வந்தேன்."

கட்டிலுக்கு அடியில் குனிந்து, மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.