மாப்பிள்ளை மாட்டிய ஃபில்டர்

கடை வைக்கிறவனுக்கு வாய்ச்சாமர்த்தியம் வேண்டும் என்பார்கள். இவருக்கு அது கிடையாது. கொரியக் கார்களுக்கு மட்டுமே சாமான் விற்றதால் எல்லாருக்கும் அவர் ‘கொரியாக்காரர்’. ஆயில் ஃபில்டர் கேட்டு வந்தால் ஒரிஜினலையும் வெளிக் கம்பெனிச் சரக்கையும் மேசையில் வைத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை டார்ச் அடித்துக் காட்டுவார். அதோடு சரி.

தங்கையின் கணவர் வாடகைக் கார் ஓட்டினார். கொரியக் கார்தான். ஒருநாள் கடைக்கு வந்து நின்றார்.

“மச்சான், எதைப் போடலாம்? ஒரிஜினல்தான் போடணும்னு சர்வீஸ்ல பயமுறுத்துறாங்க.”

“நல்ல கம்பெனியா இருந்தா வெளிச்சரக்கும் ஒண்ணும் குறைச்சல் இல்ல மாப்ளே. என் வண்டியிலயே அதான் ஓடுது. சாயங்காலம் கொண்டு வாங்க, நானே மாட்டித் தர்றேன்.”

“ஏன், எனக்குக் கை இல்லையா?” சிரித்துக்கொண்டே வெளிச்சரக்கு ஃபில்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் இறுகிக் கார் நின்றது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார்.

எஞ்சினில் சொட்டு ஆயில்கூட இல்லை என்று யாரோ சொன்னது தங்கை காதில் விழுந்தது. பிணம் கிடந்த கூடத்தில், அத்தனை பேர் முன்னால் அண்ணன் சட்டையைப் பிடித்தாள்.

“மட்டமான சாமானைத் தலையில கட்ட உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

அவருக்கே அப்படித்தான் தோன்றியது.

காரியமெல்லாம் முடிந்தபின், நசுங்கிய கார் கிடந்த இடத்துக்குத் தனியாகப் போனார். அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினார். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் அதிலேயே இருந்தது. எஞ்சின் பக்கம் இன்னொன்று ஒட்டிக்கொண்டு பாதி பிதுங்கிக் கிடந்தது. பழைய ஃபில்டரின் வளையம். அது கழன்று வராததைக் கவனிக்காமல், அதன் மேலேயே மாப்பிள்ளை புதியதைத் திருகியிருக்கிறார். அழுத்தம் தாங்காமல் ஆயிலெல்லாம் வழியில் கொட்டிவிட்டது. ஒரிஜினல் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல் இருந்தது. அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்குக் கூசிப்போனார். பழைய வளையத்தைப் பிய்த்து, பக்கத்திலிருந்த கழிவு ஆயில் பீப்பாயில் போட்டார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார்.

“அவகிட்ட சொல்லிடுங்க. பழியைச் சுமந்துக்கிட்டு திரியணும்னு தலையெழுத்தா?”

“சொன்னா அவ யாரைத் திட்டுவா? செத்தவனையா? என்னையாவது வாயாரத் திட்டட்டும்.”

தங்கை அதன்பின் அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஓர் அச்சகத்தில் புத்தகம் தைக்கப் போனாள். பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளின் கல்யாணத்துக்கு, தாய்மாமனைத் தவிர எல்லாரையும் அழைத்தாள்.

கல்யாணத்தன்று அவர் எப்போதும்போல் கடையைத் திறந்தார். மத்தியானத்துக்கு மேல் முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து தட்டியபோது, திறக்க வெகுநேரம் ஆயிற்று.