திருவாதவூரில் வைஃபை: மதுரையிலிருந்து இரண்டு நாள் பயணம்

ஒரு வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், டேப்லெட்டைத் துணிப்பையில் கொண்டுபோவது என்று முடிவு செய்யப்பட்டது. லேப்டாப் பையை முன்மொழிந்தவன் நான். அதன் ஜிப் பழுது என்பதையும், பேருந்தில் அதைப் பார்ப்பவர்கள் உள்ளே லேப்டாப் இருப்பதாகவே நம்பிவிடுவார்கள் என்பதையும் என் மனைவி எடுத்துரைத்தாள். இரு தரப்பும் கேட்கப்பட்டன. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப்பை வென்றது. இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் சரியாக அமைந்தது அது ஒன்றுதான் என்பதால் முதலில் பதிவு செய்கிறேன்.

திருவாதவூருக்குப் பொதுவாக மக்கள் பழைய சிவன் கோயிலைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது அழகர் மாமாவை இணையத்தில் இணைக்க. அவர் என் அம்மாவின் அண்ணன். வயலில் தண்ணீர் பாய்ச்சும்போது பக்கவாதம் வந்து விழுந்தார். கூடவே அவருடைய போனும் சேற்றில் விழுந்து செத்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. நகரத்து மருத்துவமனையில் இதயமும் தாங்காது என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஒரே மகன் செல்வம் மஸ்கட்டில் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறான். கம்பெனி விடுப்புத் தரவில்லை. அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் பெரிய திரையுள்ள புது டேப்லெட் கொடுத்தனுப்பியிருந்தான். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வைஃபையில் முதல் முயற்சியிலேயே வேலை செய்தது.

மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் பதினேழு ரூபாய், பயண நேரம் ஐம்பது நிமிடம். இடது பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால் ஒத்தக்கடை வரை யானைமலை தெரியும். அதற்குப் பிறகு கருவேல மரங்கள் தெரியும். நடத்துநர் என் பையைப் பார்த்து, விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாமாவின் கட்டில் வீட்டின் முன்னறையில், சுவரோரமாகக் கிடந்தது. அது பொதுச்சுவர். அந்தப் பக்கம் அவருடைய தம்பி சுந்தரம் மாமாவின் வீடு. அவர்கள் மாடியிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் யார் பக்கம் விழ வேண்டும் என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. பஞ்சாயத்து இரண்டு முறை கூடியது. மழை அவ்வளவு முறை பெய்யவில்லை.

மாமா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்ணில் தெளிவு இருந்தது. டேப்லெட்டில் வைஃபை பெயரைத் தொட்டு, அத்தை சொன்ன கடவுச்சொல்லை அடித்தேன். இணைக்க முடியவில்லை என்று வந்தது. கடவுச்சொல் சரிதான், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த ரவுட்டர் பெட்டியின் மேலேயே சாக்பீஸால் எழுதியிருந்தது. அணைத்துப் போட்டேன். ரவுட்டரையும் அணைத்துப் போட்டேன். நம் நாட்டில் இதற்கு மேல் யாருக்கும் வைத்தியம் தெரியாது.

என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: போட்டேன். அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். செல்வத்துக்குத் தன் அப்பாவின் இடது காது மட்டும் தெரிந்தது. அந்தக் காது அசையாமல் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

ஊருக்குக் கேபிளும் இணையமும் கொடுப்பவர் பாண்டி. கூப்பிட்டதும் வந்தார். தன் போனை எடுத்தார், இணைந்தது. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஓடவிட்டு எல்லாரிடமும் காட்டினார். நெட்டில் குறையில்லை என்பது இப்படி நிரூபணமானது. வெளிநாட்டு டேப்லெட், நம்ம ஊர் நெட்டை எடுக்காது, டவுனில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அந்தப் போனிலேயே செல்வத்தைக் கூப்பிட்டிருக்கலாம் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் மாமா இடது கை விரலால் பொதுச்சுவரைத் தட்ட ஆரம்பித்தார். என்னைப் பார்ப்பார், சுவரைத் தட்டுவார், மறுபடி என்னைப் பார்ப்பார். நான் குனிந்து, என்ன மாமா என்று கேட்டேன். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்.

அத்தை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பியக் கூப்பிடச் சொல்றாக" என்று அழ ஆரம்பித்தார். "இம்புட்டு நாளும் மனசுல வச்சிக்கிட்டே இருந்திருக்காக. மாப்ள, நீ போய்க் கூட்டிட்டு வா. நான் போனா வரமாட்டாக."

போனேன். சுந்தரம் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கூப்பிடுகிறார் என்றேன். கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். நான்கு வருடமாகத் தாண்டாத வாசல். நிலையில் தலை இடித்துக்கொண்டார். கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணே, நாந்தேன்" என்று மட்டும் சொன்னார். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் அழுதார்கள். நானும்தான்.

அழகர் மாமா தம்பியைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி சுவரைத் தட்டினார். மனசு நிறைஞ்சு போச்சு என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். அவர் பஞ்சாயத்தில் இருந்தவர். எதற்கும் விளக்கம் வைத்திருப்பார். சுந்தரம் மாமா அன்று வீட்டுக்குப் போகவில்லை. கஞ்சியைக் கரண்டி கரண்டியாக அவர்தான் ஊட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை டேப்லெட்டை டவுன்ஹால் ரோட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கடைக்காரர் தன் வைஃபையில் போட்டதும் இணைந்துவிட்டது. குறை எதுவும் இல்லை என்றார். இல்லாத குறைக்கு மருந்தாகச் சாஃப்ட்வேர் ஏற்றித் தந்தார்; ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, நானூறு ரூபாய் வாங்கினார். காத்திருந்த நேரத்தில் பக்கத்துக் கடையில் ஜிகர்தண்டா குடித்தேன். எண்பது ரூபாய். நன்றாக இருந்தது, சொல்லாமல் விட்டால் பயணக் கட்டுரை ஆகாது.

மதியம் இரண்டரைக்குத் திருவாதவூர் திரும்பினேன். டேப்லெட் இணையவில்லை. மாமா காலையிலிருந்து கண் திறக்கவில்லை என்று அத்தை சொன்னார். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செல்வம் என் போனுக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் என்று வாசலில் நின்று பதில் போட்டேன்.

பாண்டியை மறுபடி வரவழைத்தேன். எங்கள் வீட்டிலும் கடையிலும் வேலை செய்வது இங்கே மட்டும் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். இந்த முறை தன் போன் வழியாக ரவுட்டரின் செட்டிங்குக்குள் நுழைந்து தேடினார்.

"அண்ணே, இதுல பூட்டு கெடக்கு" என்றார். "நம்பர் ஏத்தி விட்ட போனைத் தவிர வேற எதையும் உள்ள விடாது. மாமா போனும் என் போனுந்தேன் ஏத்தியிருக்கு."

யார் போட்டது என்றேன்.

"நாந்தேன். சுத்தமா மறந்துட்டேன். போன வருசம் மாமாதேன் போடச் சொன்னாரு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்டு தெரிஞ்சுபோச்சாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படங்கூட ஓடக் கூடாதுன்னாரு."

அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். கட்டிலோரம் அண்ணனின் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சுந்தரம் மாமாவை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப, சுவத்தத் தட்டுனது?" என்று சுந்தரம் மாமா கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார் அத்தை. "காப்பி ஆறுது பாருங்க."

அவர் காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டேப்லெட்டின் நம்பரை மட்டும் தனியாக ஏற்றப் பாண்டிக்குப் பொறுமையில்லை. பூட்டையே எடுத்துவிட்டார். உடனே இணைந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போனில் செய்திகள் வரிசையாக வந்து விழும் ஓசை கேட்டது.

செல்வம் கிடங்கின் வாசலில் கனத்த ஜாக்கெட்டோடு நின்றிருந்தான். படம் அவ்வளவு தெளிவு. அவன் மீசையில் ஈரம்கூடத் தெரிந்தது. டேப்லெட்டை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அப்பா" என்று கூப்பிட்டான். பலமுறை கூப்பிட்டான். "கண்ணத் தொறங்கப்பா, நான் செல்வம்." மாமா திறக்கவில்லை.

"மாப்ள, கையக் காட்டு" என்றான். காட்டினேன். விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிடித்திருப்பது யார் கை என்று கேட்டான். உன் சித்தப்பா என்றேன். எப்போது வந்தார் என்று கேட்டான். நேற்று என்றேன். எப்படி வந்தார் என்று அவன் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் அழைப்பு ஓடியது, ஒரு முறைகூட நிற்கவில்லை.

இதே போன்ற பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு கருவி வேறு இடத்தில் வேலை செய்து உங்கள் வீட்டில் மட்டும் செய்யவில்லை என்றால், கருவியை டவுனுக்குத் தூக்கிப் போகாதீர்கள். ரவுட்டரில் பூட்டு இருக்கிறதா என்று இணைப்புக் கொடுத்தவரிடம் முதலிலேயே கேளுங்கள். அவருடைய போனில் ஓடுகிறது என்பது எதற்கும் சாட்சியல்ல. அவர் தன் போனைத்தான் முதலில் உள்ளே விட்டிருப்பார். வீட்டில் பூட்டுப் போடச் சொன்னவர் யாரோ, அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் கிடப்பவர் எதையாவது சுட்டிக் காட்டினால் உடனே அழாதீர்கள். முதலில் அழுதுவிட்டால் அப்புறம் எதையும் கேட்கத் தோன்றாது. மாமா சொல்ல வந்தது எங்களுக்கும் அன்று சரியாகப் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

தங்க விடுதி திருவாதவூரில் எனக்குத் தென்படவில்லை. மதுரைக்குத் திரும்பிவிடுவது நல்லது. செல்போன் சிக்னல் முழுதாகக் கிடைக்கும் இடம் கண்மாய்க்கரைச் சுடுகாடு.

அழகர் மாமா சனிக்கிழமை காலை இறந்தார். செல்வத்துக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சுந்தரம் மாமா கொள்ளி வைத்தார்.