மூன்று முங்குக்கு அனுமதி

பவளப்பாறை ஆய்வு என்பது பத்து நிமிடம் தண்ணீருக்குள்ளும் பத்து மாதம் விண்ணப்பத்துக்குள்ளும் மூழ்கிக் கிடக்கிற தொழில். ஏதோ ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று கால் கடுத்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, பல்கலைக்கழகம் என்னை அந்தமான் பக்கம் ஒரு ராணுவத் தீவுக்கு ஆறு மாதம் அனுப்பியது. என் வேலை, அங்கே உள்ள பவளப்பாறைகளை நேரில் பார்த்துப் பட்டியல் எடுப்பது. தீவின் முதல் விதி, படையில் இல்லாதவர் யாரும் டைவிங் செய்யக் கூடாது என்பது. என்னை அனுப்பிய உத்தரவு, இந்த விதி, இரண்டு காகிதத்திலும் முத்திரை இருந்தது. தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும்.

இரண்டு குடம்

தீவுக்குள் நுழைய நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் வீடு ராஜபாளையம். சான்றிதழுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போ என்றார்கள். போனேன். அங்கே இருந்த குமாஸ்தா என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கடலுக்கும் ராஜபாளையத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் சந்தேகம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கிறவர்கள் நாங்கள், அதனால் கேள்வி நியாயம்தான். ஆனாலும் விட மனசில்லை. கடலைப் படிக்கக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்றால், நட்சத்திரத்தைப் படிக்கிறவன் எங்கே பிறக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. பொறுமையாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரையில் ஒரு தடவை ஊதி, குத்தி நீட்டினார். "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்லேருந்து கடலை எண்ணப் போறீயளாக்கும். எண்ணி முடிச்சிட்டு வரும்போது ரெண்டு குடம் கொண்டாங்க."

சாமான் அறை

கப்பலை விட்டு இறங்கியதும் என் பெட்டியைத் திறந்து காற்று உருளை, மூச்சுக்குழாய், ரப்பர் துடுப்பு எல்லாவற்றையும் சாமான் அறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முகத்தில் மாட்டுகிற நீர்க்கண்ணாடியை மட்டும் தந்தார்கள்; தடைப் பட்டியலில் அது இல்லையாம். அந்த அறைக்குப் பொறுப்பாளர் ரெங்கசாமி. படையில் இருப்பவர்; தீவின் முக்குளிப்பவரும் அவர்தான். மிதவைச் சங்கிலிகளைப் பார்க்க வாரம் ஒரு தரம் கடலுக்குள் இறங்குவார். ரசீதில் என் ஊர்ப்பெயர் எழுதும்போது அவர் பேனா நின்றது. அவர் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஆயிரம் மைல் தாண்டி வந்து பக்கத்து ஊர்க்காரரிடம் மாட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அவர் மனைவி செண்பகம் மதினி என்னைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து, எந்த ஊர் பெரியது என்று வழக்கைத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊர் மில்லையும் மாம்பழத்தையும் சொன்னேன். ரெங்கசாமி அண்ணன் தங்கள் ஊர்த் தேரைச் சொன்னார். மில் நாள் முழுக்க ஓடும், தேர் வருசத்துக்கு ஒரு தடவைதான் ஓடும் என்று நான் மடக்கியதும் அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மில்லு ஓடுனா எவன் தங்கச்சி கன்னத்துல போட்டுக்கிடுதான்?"

தலை எங்கே

டைவிங்தான் கூடாது, குளிக்கலாம். பழைய படகுத்துறைப் படிக்கட்டில் காலை ஆறு முதல் எட்டு வரை குளிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையே சொன்னது. அந்தப் படிக்கட்டு தண்ணீருக்குள் ஏழு படி இறங்கும். எட்டாவது படி இல்லை, மூன்று ஆள் ஆழம். செட்டியார்பட்டியில் என் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில், அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால்தான் முங்கியதாகக் கணக்கு என்று போட்டி போட்டு வளர்ந்தவள் நான். இந்த ஆழத்துக்கு உருளை எதற்கு? மூச்சைப் பிடித்தேன், முங்கினேன். தலை முங்கி ஒரு நொடி ஆகவில்லை, மேலே விசில்.

காவலர் என்னை அப்படியே ஈரத்தோடு தீவுத் தளத்தின் கமாண்டரிடம் நிறுத்தினார். நான் குளித்தேன் என்றேன். தலை தண்ணீருக்குள் போனதா என்றார். போகாமல் எப்படிக் குளிப்பது என்றேன். அரைமணி நேரம் வாதாடினேன். குளியலுக்கும் டைவிங்குக்கும் எல்லை எது, இடுப்பா, கழுத்தா, மூக்கா? அவர் தமிழர் இல்லை, பேசியது ஆங்கிலம். கடைசியில் அவர் சொன்ன பதில், சொல் மாறாமல் தமிழில் இதுதான்: "அம்மா, தலை வெளியே இருந்தால் அது குளியல். தலை உள்ளே போனால் அது என் பொறுப்பு."

பாறை

அதன் பிறகு ஐந்து மாதம் என் தலை வெளியேதான் இருந்தது. பத்தொன்பது கடிதம் எழுதினேன். தலைநகரத்துக்குப் போன கடிதம் தளத்துக்குத் திரும்பி வரும், தளத்திலிருந்து மறுபடி தலைநகரத்துக்குப் போகும். படிக்கட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் பெரிதாக ஒரு நிழல் தெரியும். காற்று அடங்கிய நாளில் அது மூச்சு விடுவது போல இருக்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு கழுத்தளவில் நிற்பது என்ன வேதனை என்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாயசம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெங்கசாமி அண்ணனிடம் அது என்ன என்று கேட்டேன். "நம்ம ஊர்த் தேரைத் தூக்கிக் கடல்ல வச்சாப்பில இருக்கு" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் தேர்தான் என்று நான் சிரித்தேன்.

தை மாதத் தொடக்கத்தில் சிரிப்பு நின்றது. அதே இடத்தில் புதிய மிதவை கட்ட முடிவாகி, லாரி அளவுக்கு ஒரு கான்கிரீட் கட்டையை இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஓடிப்போய்க் கமாண்டரிடம் கத்தினேன். அவர் முக்குளிப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். கடலடி எப்படி என்ற கட்டத்தில், அண்ணனின் அழகான ஆங்கில எழுத்தில் 'ராக்' என்று ஒரே சொல். பாறைமேல் கட்டை இறக்க என்ன தடை? அது உயிருள்ள பவளம்தான் என்று, விஷயம் தெரிந்தவர் ஒருவர் நேரில் கண்டு எழுதிக் கொடுத்தால் அறுபது அடி தள்ளிப் போடுகிறேன் என்றார். நேரில் காண நான் முங்க வேண்டும். முங்கத் தடை. நேராக சாமான் அறைக்குப் போய் அண்ணனைப் பிடித்தேன். ஏன் அண்ணே ராக் என்று எழுதினீர்கள்? அவர் உண்மையாகவே குழம்பிப் போனார். "நீதான தங்கச்சி பவளப்பாறை பவளப்பாறைன்னு சொல்லுத. பாறைக்கு இங்கிலீசுல வேற என்ன?"

அமாவாசை

கட்டை இறக்க நாள் குறித்தது தை அமாவாசைக்கு மூன்றாம் நாள். அண்ணனுக்கு அப்பா இல்லை. தை அமாவாசைக்குக் கடலில் முங்குவது அவர் வீட்டு வழக்கம். வேலைக்கு அல்லாமல் முங்க அவருக்கும் தடை என்பதால், முந்தின வருடங்களில் தலையில் செம்பால் ஊற்றிக்கொண்டு சமாளித்தாராம். மதினிதான் முதலில் கொதித்தார். கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு செம்புத் தண்ணீரா என்றார். மதினியின் அப்பாவும் இறந்து இரண்டு வருடம். எனக்கும் தாத்தா போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் எழுதினோம். என் இருபதாவது கடிதம்.

கமாண்டர் படித்தார். எத்தனை முறை தலை உள்ளே போக வேண்டும்? மூன்று என்றேன். ஒரு முறைக்கு எவ்வளவு நேரம்? அது அவரவர் மூச்சு என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், நான் நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குவேன், கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு 'ஆளுக்கு மூன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "கண்ணை மூட வேண்டும் என்று விதி ஏதும் என்னிடம் இல்லை."

தேர்

அமாவாசை காலையில் கடல் தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்தது. அண்ணனும் மதினியும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு மூன்று முங்கு முடித்து ஏறினார்கள். காவலர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாத்தாவை நினைத்துக்கொண்டு, ஏழாவது படியிலிருந்து முதல் முங்கு. காது வலித்தது. கிணற்றுக்குள் இருட்டும் அமைதியும்தான் எனக்குத் தெரியும். இங்கே எங்கே பார்த்தாலும் வெளிச்சம், சுற்றிலும் பொரி வறுப்பது போல ஒரு சத்தம். கண்டது நீலம் மட்டும். பதறி ஏறிவிட்டேன். ஒன்று வீண்.

இரண்டாவது முங்கில் நேராகக் கீழே போனேன். அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள், தேர்தான். அடித்தட்டு அகலமாக, மேலே ஏற ஏறச் சுருங்கி, தட்டுக்குமேல் தட்டாக நின்றது. தட்டுகளின் விளிம்பில் ஊதாவும் இளம்பச்சையும் ஓடின. மஞ்சள் மீன்கள் கூட்டமாக ஒரு பக்கம் நகர்ந்து, எல்லாம் ஒன்றாக நின்று, மறுபடி நகர்ந்தன, வடம் பிடிக்கிற ஜனம் மாதிரி. அடியில் நிஜமாகவே ஒரு வடம் கிடந்தது. எந்தக் காலத்துக் கப்பலோ விட்டுப்போன சங்கிலி, வளையத்துக்கு வளையம் பாசியும் கடற்பஞ்சும் பிடித்து. சின்ன வயதில் அப்பா தோள்மேல் இருந்து அந்த ஊர்த் தேரை அண்ணாந்து பார்த்தபோது வாய் திறந்தது ஞாபகம் வந்தது. இங்கே வாயைத் திறக்க முடியாது.

மூன்றாவது முங்கு அளக்க. பவளத்தைத் தொடாமல் இரு கையையும் விரித்து விரித்து, பக்கவாட்டில் நீந்தினேன். ஐந்து பாகம் அகலம், அதாவது ஐந்து கைவிரிப்பு. ஒரு விரல்கடை வளரவே ஒன்றிரண்டு வருடம் பிடிக்கிற உயிர் அது. எங்கள் ஊர் மில்லுக்கெல்லாம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே, யாரும் இழுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கே நின்றிருக்கிறது. நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் இருந்தேன். மேலே வந்தபோது படியில் மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "ஏட்டி, தாத்தாவைக் கும்பிடப் போனியா, அவியகிட்டயே போயிட்டியான்னு ஈரக்குலை நடுங்கிட்டு."

திருத்தம்

அன்று மத்தியானமே 'நேரில் கண்டது' என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கமாண்டர் கேள்வி கேட்காமல் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கட்டையை அறுபது அடி தள்ளி வைத்தார். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் புதிய வரி ஒன்று ஏறியது: சடங்குக்காக முங்குபவர் ஒரு முங்குக்குப் பத்து விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. எனக்காகவே ஒரு சட்டம். அதையும் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ரெங்கசாமி அண்ணன் பதிவேட்டில் 'ராக்' என்பதை அடித்துவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். உயிருள்ள பவளம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி எழுத்துக்கூட்டினேன். எழுதி முடித்து, மையை உலரவிட்டுப் பதிவேட்டை மூடினார். "எம்புட்டு நாளு அது மேல உக்காந்து, மேல ஏற நேரமாச்சான்னு கைக்கடியாரம் பார்த்திருப்பேன் தங்கச்சி. உசுரு இருக்குன்னு அது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஆகவே, சக பாவிகளே, பத்தொன்பது கடிதங்களால் ஆகாததை ஒரு அமாவாசை முடித்துக் கொடுத்ததால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 'ஆய்வு முறை' என்ற இடத்தில் 'குளித்தல்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.