நோட்டில் இல்லாத வார்த்தை

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "எஸ் மிஸ்" என்றது வகுப்பு. கொடைக்கானலில் இத்தனை வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தும் அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. அந்த நேரம் பார்த்து, கீழே கேரட் தோட்டத்தில் அடிக்கிற மருந்தின் வாடை ஜன்னல் வழியே வந்தது.

நான் ஏழாவது படித்த வருடம் அது. கவுஞ்சியில் எங்களுக்குப் பூண்டுத் தோட்டம். தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தை எழுதி அப்பாவிடம் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அவர், விரல் வைத்துப் பத்து இருக்கிறதா என்று எண்ணுவார். "எம்புள்ளைக்குத் தெரியாத வார்த்தையே கெடையாது" என்று மாமாவிடம் பெருமையடிப்பார்.

அந்த வருடம் பூண்டில் புழு விழுந்தது. யாரோ மிச்சம் வைத்துப்போன மருந்து டப்பாவை அப்பா எடுத்து வந்தார். அதில் தமிழ் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது.

"புழுவுக்கு அடிக்கிற மருந்துதானா? பாத்துச் சொல்லுத்தா."

ஹெர்பிசைடு என்று போட்டிருந்தது. அது என் நோட்டில் இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாப்பா, புழுவுக்குத்தான்."

அது களைக்கொல்லி. பத்தே நாளில் தோட்டம் முழுக்க வைக்கோலாகச் சாய்ந்தது.

மாமா வந்து கத்தினார். "நாந்தான் டப்பாவ மாத்தி எடுத்துப்புட்டேன்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. அன்று சாயங்காலமும் நோட்டைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து எண்ணினார்.

முன் வரிசையில் ஒரு பெண் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா என்ன பண்றாரு?"

"பூண்டு போட்டுருக்காங்க மிஸ்."

பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.